மின் அறையும் ஈரத்துணியும்

2025 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் வழக்கம்போல அண்ணனின் அறைக்குப் போனேன். தலையணைகளில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். விரலில் கருவியை மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்த்தேன், சரியாக இருந்தது. மெஷினோடு இணைந்த குப்பியில் பழைய நீரைக் கொட்டிவிட்டு, காய்ச்சி ஆறவைத்த நீரை ஊற்றினேன். பின்பக்கச் சல்லடையைக் கழற்றித் தட்டி மாட்டினேன். பிறகு சமையலறைக் கதவைத் திறந்து கொல்லைக்குப் போய், புதிய மின் அறையின் திரையில் பேட்டரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டேன். விடியற்காலையிலிருந்தே மழை. பால் சேர்க்காத கட்டன் சாயா குடித்துவிட்டு ஸ்கூட்டரில் தோப்பும்படிக்கு மீன் வாங்கப் போனேன். மழைக்கால ட்ராலிங் தடை தொடங்கிவிட்டதால் பெரிய படகுகளெல்லாம் கட்டிக் கிடந்தன. சிறுவள்ளக்காரர்கள் கொண்டுவந்த மத்தி மட்டும் கிடைத்தது. திரும்பும் வழியில் பாலும் பேப்பரும் வாங்கினேன். வீட்டுக்கு வந்தபோது அண்ணன் விழித்திருந்தார்.

"என்ன மீன்?" என்றார்.

"மத்தி."

"போன ஞாயிறும் மத்தி."

"வேணும்னா கடலுக்குள்ள போய்ப் பிடிச்சுட்டு வாங்க."

"குழாய் எட்டாதே," என்று மூக்கில் மாட்டியிருந்த குழாயைத் தொட்டுக் காட்டினார்.

எங்கள் வீட்டில் மெஷின் என்றால் அது அண்ணனின் மெஷின்தான். அறைக் காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்குத் தருவது. அண்ணன் யூதர்களின் பழைய தெருவான ஜூ டவுன் பக்கத்தில் ஒரு சுக்கு, மிளகுக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய நுரையீரலைக் கெடுத்தது சுக்கின் மேல் பூசும் சுண்ணாம்பின் தூசியா, பீடியா என்று டாக்டர் தீர்த்துச் சொல்லவில்லை. பீடியின் மேல் பழி வராமல் அண்ணன் பார்த்துக்கொள்வார். இரண்டு வருடமாக, குளிக்கும் நேரம் தவிர, மெஷின் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். அது கரண்டில் ஓடுவது. கொச்சி மட்டாஞ்சேரியில் மழைக்காலத்துக் கரண்டைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

போன வருட மழையில் ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. கைவசமிருந்த ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்து, இன்னொன்றை முழங்கால் தண்ணீரில் நானும் ஆட்டோக்காரரும் தூக்கி வந்தோம். அதைக் கேள்விப்பட்ட அன்றே அண்ணனின் ஒரே மகள் கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். அவள் வீடு ஜெனரேட்டர் உள்ள அடுக்குமாடி. "அடுத்த மழைக்கு ஒரு தடவை மெஷின் நின்னாலும் நான் வந்து அப்பாவைக் கூட்டிட்டுப் போயிடுவேன் சித்தப்பா. அப்புறம் யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது" என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. அண்ணி இறந்தபின் அப்பாவைப் பற்றிய பயம் முழுவதும் அவள் ஒருத்தியின் தலையில்தான்.

அண்ணனும் கேட்டுக்கொண்டிருந்தார். வைத்தபின் என்னிடம், "பன்னெண்டாவது மாடிடா அது. சன்னலைத் தொறந்தா காத்து மட்டுந்தான் வரும். ஒரு மனுஷன் ஒருத்தனை வையற சத்தம் கேக்காது" என்றார். இந்தத் தெருவில் அந்தச் சத்தத்துக்குக் குறைவில்லை.

ஆகவே சோலார் வைப்பது என்று முடிவெடுத்தோம். ஒரு கடைக்காரர் வந்து மேலே பார்த்துவிட்டு, ஓட்டுக் கூரையிலேயே பலகைகளைப் பொருத்திவிடலாம், பேட்டரியைச் சமையலறை மூலையில் வைத்துவிடலாம், ஒரே நாளில் முடியும் என்றார். அடுத்து வந்தவர் ஓர் இன்ஜினியர். முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டிய பெண். அவருடைய அப்பாவும் அம்மாவும் தமிழ்நாட்டிலிருந்து வந்து கொச்சி பிராட்வேயில் வளையல் கடை போட்டவர்கள். தமிழ் பேசுவார், எழுத வராது. அவர் ஏணி வைத்து ஏறி, ஓட்டைத் தாங்கும் மரக் கழிக்கோல்களைத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"இதுமேல நான் ஒரு காக்காயக்கூட உக்கார வெக்க மாட்டேன், சேட்டா."

பிறகு அவர் கேட்டதுதான் எனக்குப் புதுமையாக இருந்தது. "அடுத்த தடவை கரண்ட் போறப்ப எனக்கு ஒரு போன் பண்ணுங்க. வந்து சும்மா உக்காந்திருக்கேன்." அப்படியே வந்தார். அண்ணனின் கட்டிலுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாங்கள் சிலிண்டரை மாற்றுவதை, என் மனைவி டார்ச் தேடுவதை, அண்ணன் எதை எட்டி எடுக்கிறார், எது எட்டவில்லை என்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் அளக்க ஒரு டேப்கூட இல்லை. அண்ணன் அவரிடம், "என்ன மோளே, நோயாளியைப் பாக்க வந்தவங்க ஆரஞ்சு கொண்டுவருவாங்க" என்றார். அடுத்த முறை ஆரஞ்சோடுதான் வந்தார்.

கொல்லையில், சமையலறையின் பின்சுவரை ஒட்டி ஒரு தனிக் கட்டடம் என்பது அவருடைய திட்டம். பலகைகளுக்குக் கூரையாகவும், பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் அறையாகவும் அது ஒன்றே போதும். வரைவதற்கு முன்பு அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து, அந்த அறை எவ்வளவு நீளம், அகலம், உயரம் இருக்குமோ அதே அளவில் அடுக்கிக் கயிறு சுற்றி நிறுத்தினார். "ஒரு வாரம் இது இங்க நிக்கட்டும். நீங்க எப்பவும்போல நடங்க." அது மார்ச் மாதம். ஒரு வாரம் அந்த அட்டை வீட்டைச் சுற்றி நடந்தோம். துணி துவைக்கும் கல்லுக்கு வாளியோடு போகும் வழியில் அது இடிக்கிறது என்று மனைவி சொன்னாள். இன்ஜினியர் பெட்டிகளை ஒரு கை நீளம் தள்ளி வைத்தார். தாளில் பேனாவால் தள்ளியிருந்தால் அது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

எங்கள் கொல்லைக்குள் ஓதம் ஏறும். காயலில் நீர் உயரும்போது ஓடை வழியாகப் பின்னால் வந்து சுவரில் கறை வைத்துவிட்டுப் போகும். அந்தக் கறையைக் காட்டினேன். அதற்கும் மேலே, என் இடுப்பளவு உயரத்தில் அவர் கரியால் ஒரு கோடு போட்டார். அறையின் தளம் அங்கே வந்தது. கீழே தூண்கள் மட்டும். தண்ணீர் வந்தால் வந்த வழியே போய்க்கொள்ளும்.

நான் மிகவும் ரசித்தது உள்ளே இருந்த அமைப்பை. சாதாரணமாக எங்களைப்போன்ற வீடுகளில் ஓர் அறைக்குக் கதவு வைத்துவிட்டால் ஒரே மாதத்தில் அதற்குள் பழைய பேப்பர், தேங்காய், கொலுப் பெட்டி, உடைந்த மிக்ஸி எல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். காற்று போக வழியிருக்காது. இன்ஜினியர் அந்த அறையை ஓர் அலமாரி ஆழத்துக்கு மேல் விடவில்லை. கதவைத் திறந்தால் நாம் வெளியே நின்றுதான் வேலை செய்யவேண்டும். உள்ளே எந்தப் பெட்டியின் மேல்பக்கமும் சமமாக இல்லை, சாய்த்து மூடியிருந்தார். எதை வைத்தாலும் வழுக்கி விழும். பக்கத்திலேயே, கேட்காமல், ஒரு தனி மாடமும் கட்டிக் கொடுத்தார். "தேங்காய்க்கு" என்றார்.

வயரிங்கில் அண்ணனுக்கென்று ஒரு தனி இணைப்பு. மெஷின், ஒரு விசிறி, ஒரு விளக்கு. வீடு இருண்டாலும் அது இருளாது. வெயில் இல்லாத நாட்களில் பேட்டரி கரண்டிலிருந்தே நிரம்பிக்கொள்ளும். பெட்டியில் அந்த இணைப்பின் மேல் மலையாளத்தில் 'அண்ணன் லைன்' என்று எழுதி ஒட்டினார். அண்ணன் அதைப் போட்டோ எடுத்துத் தன் பழைய கிடங்கு நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினார்.

மே கடைசியில் எல்லாம் முடிந்தது. ஜூனில் சிறு சிறு கரண்ட் வெட்டுகள் வந்தன, போயின. எங்களுக்கு அவை வந்ததே தெரியவில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. பத்து மணி வாக்கில் கரண்ட் போனது. பக்கத்துத் தெருவில் மரம் விழுந்துவிட்டது, சாயங்காலம் ஆகும் என்று வாட்ஸாப்பில் செய்தி வந்தது. அண்ணன் மெஷினைக் காது கொடுத்துக் கேட்டார். அதன் ஓசை மாறவில்லை. விசிறி சுற்றியது.

"பாத்தியா? தெரு மொத்தமும் வேர்த்துட்டுக் கிடக்கு. நான் ராஜா மாதிரி இருக்கேன்" என்று பேப்பரை விரித்தார்.

மத்தியைக் கழுவிக்கொண்டிருந்தேன். நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் விசிறியின் சத்தம் தேய்ந்தது. மெஷின் ஒரு நொடி அமைதியாகி, பிறகு நீளமாக அலறத் தொடங்கியது. கையைக்கூடத் துடைக்காமல் ஓடினேன். சிலிண்டரைத் திறந்து, குழாயை மாற்றினேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, உதட்டைக் குவித்து, டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவர் பயப்படவில்லை என்று எனக்குக் காட்டுவதற்காகக் கையை ஆட்டினார்.

அவர் முகம் தெளிந்தபின் கொல்லைக்குப் போனேன். மின் அறையின் பின்சுவரில் வெப்பக் காற்று வெளியேற இடைவெளி விட்டு அடித்த சட்டங்கள் இருந்த இடத்தையே காணவில்லை. அண்ணனின் இரண்டு படுக்கை விரிப்புகளும், நான்கைந்து தோர்த்துத் துண்டுகளும், என் வேட்டியும் அதன் மேல் வரிசையாகக் கிளிப் போட்டுத் தொங்கின. ஒரு விரல் இடுக்கு விடாமல், அழகாக. திரையில் சிவப்பு எழுத்துகள். இன்வெர்ட்டர் சூடேறித் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருந்தது.

மனைவி என் பின்னால் வந்து நின்றாள். துணிகளை இழுத்துப் போட்டேன்.

"இங்க எதையும் வைக்கக்கூடாதுன்னு சொன்னாங்களா இல்லையா?"

"உள்ள வைக்கக்கூடாதுன்னு சொன்னாங்க. நான் வெளியிலதானே போட்டேன்." அவள் கீழே சிதறிய கிளிப்புகளைப் பொறுக்கினாள். "மூணு நாளா எதுவும் காயல. அத்தானுக்கு மாத்த விரிப்பு இல்ல. இந்த இடத்துல சூடா, காஞ்ச காத்தா வந்துட்டே இருக்கு. ஒரு தோர்த்து போட்டுப் பாத்தேன், சீக்கிரமே காஞ்சுது. அப்புறம் எல்லாத்தையும் போட்டேன்."

கொச்சியில் ஜூன் மாதத்தில் எந்த வீட்டில் எந்தப் பெண் அந்தக் காற்றைக் கண்டிருந்தாலும் அதையேதான் செய்திருப்பாள்.

இன்ஜினியரை அழைத்தேன். யாரோ சொந்தக்காரரின் நிச்சயதார்த்தத்தில் இருந்தார். பட்டுப்புடவையின் மேல் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நேராக அண்ணனிடம் போய் விரல் கருவியில் அளவைப் பார்த்தார், சிலிண்டரின் முள்ளைப் பார்த்தார். அதன் பிறகுதான் கொல்லைக்கு வந்தார். இன்வெர்ட்டர் அதற்குள் ஆறியிருந்தது. அதை மறுபடி ஓடவிட்டார். உள்ளே மெஷினின் ஓசை எழுந்தது. பிறகு கீழே கிடந்த விரிப்பை எடுத்து இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"நல்லாக் காஞ்சிருக்கே, சேச்சி!"

அவ்வளவு நேரம் அழாமல் இருந்த என் மனைவி அப்போது அழுதுவிட்டாள்.

"முன்னாடி மழைக்கு எங்க போடுவீங்க?"

"இங்க ஒரு தகரச் சார்ப்பு இருந்துது. அதுக்கு அடியில கயிறு கட்டுவேன். இதைக் கட்டறதுக்காகப் பிரிச்சாச்சு."

"ஐயோ, எங்கிட்ட சொல்லலியே!"

"நீங்க கேக்கல. மார்ச்சுல கயிறே கட்டல. வெயில்ல எல்லாம் மதில் மேலயே காஞ்சுடும்."

இன்ஜினியர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மார்ச்சுல வந்து பாத்தேன். ஜூன்ல இது வேற வீடு."

"சுவத்துல, துணி போடாதீங்கன்னு எழுதி ஒட்டிடலாம்" என்றேன் நான்.

"ஒட்டினா ரெண்டு நாள் இருக்கும், சேட்டா. மழை ரெண்டு மாசம் இருக்கும்."

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சட்டங்களுக்கு முன்னால் கையை நீட்டி, அருகிலும் தள்ளியும் மேலேயும் வைத்து, காற்று எங்கே போகிறது என்று பார்த்தார். என் மனைவியை நிறுத்தி, கையை உயர்த்தச் சொல்லி, எவ்வளவு எட்டுகிறது என்று பார்த்தார். பிறகு தோப்பும்படியில் படகுகளுக்குக் கைப்பிடி செய்யும் பட்டறைக்கு போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை என்று அந்தப் பக்கம் முனகியிருக்க வேண்டும். "நிச்சயதார்த்தப் பாயசம் ஒரு தூக்கு நிறையக் கொண்டுவரேன், தொறங்க" என்றார். நான் கூடப் போனேன். துருப்பிடிக்காத தகட்டில், சின்ன ஓட்டுக் கூரை போலச் சரிந்த ஒரு மூடி செய்து வாங்கினோம். அதைச் சட்டங்களின் முன்னால் ஒரு முழம் தள்ளிப் பொருத்தினார். அடியிலும் பக்கங்களிலும் காற்று தாராளமாகப் போகும். துணியைப் போட்டால் வழுக்கிக் கீழே விழும். அந்தக் காற்று மேலே ஏறிப் போகும் வழியில், கூரை நீட்டத்துக்கு அடியில், மழைச்சாரல் படாத இடத்தில் இரண்டு குழாய்களைப் பொருத்தினார். அவை துணிக்கு.

நான் தடை போட நினைத்த இடத்தில் அவர் இடம் கொடுத்தார். அவரே விரிப்புகளை மறுபடி நனைத்துக் கொண்டுவந்து, எல்லாவற்றையும் குழாய்களில் நெருக்கமாகத் தொங்கவிட்டார். தெருவில் அப்போதும் கரண்ட் வரவில்லை. திரையில் வெப்ப அளவைப் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மத்திக் குழம்பும் சோறும் அங்கேயே தட்டில் வாங்கிச் சாப்பிட்டார். பட்டுப்புடவையில் கிரீஸ் படிந்திருந்ததை என் மனைவிதான் கவனித்தாள். வெப்ப அளவு ஏறவில்லை. கிளம்புவதற்கு முன், இன்வெர்ட்டர் சூடாகத் தொடங்கினாலே, நிற்பதற்கு வெகு நேரம் முன்னதாக, அண்ணனின் கட்டிலருகே அடிக்கும்படி ஒரு சின்ன மணியையும் இணைத்தார்.

அப்போதுதான் கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. ஞாயிறு மாலைகளில் மகள் பேசுவாள். அண்ணன் எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு, "எல்லாம் சுகம்மா" என்று தொடங்கினார்.

இன்ஜினியர் கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாக, "சொல்லிடுங்க" என்றார்.

அண்ணன் போனைக் கையால் மூடிக்கொண்டார். "சும்மா இரு மோளே. என்னை நாடு கடத்திடுவா."

"அப்ப நான் சொல்றேன்." கையை நீட்டினார். அண்ணன் போனைக் கொடுத்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மேடம், இன்னிக்கு மத்தியானம் மெஷின் நின்னுபோச்சு. உடனே சிலிண்டர் மாத்தினாங்க, அப்பா நல்லா இருக்கார். நின்னது என் டிசைன்ல இருந்த தப்பு. மழைக்காலத்துல இந்த வீட்டுல துணி எங்க காயும்னு நான் யோசிக்கல." என் மனைவியைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. நடந்ததையும் இப்போது செய்ததையும் முறையாகச் சொன்னார். மகள் ஏதோ கேட்டாள். "இனிமே நிக்கவே நிக்காதுன்னு வாக்கு தர என்னால முடியாது. இந்தக் காரணத்துக்கு நிக்காது. வேற காரணம் வந்தா முன்னாடியே தெரியும், மணி அடிக்கும். மழை முடியற வரைக்கும் வாரம் ஒரு தடவை நானே வந்து பாக்கறேன்."

கட்டட வேலை தெரிந்தவர்கள் பலரை அறிவேன். தன் வரைபடத்தில் இருந்த குறையை, கேட்காதவரிடம், தானாகப் போனை வாங்கிச் சொன்னவர் இவர் ஒருவர்தான்.

போன் அண்ணனிடம் திரும்பி வந்தது. அவர் 'ம்', 'ம்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஸ்பீக்கரில் போட்டார்.

"சித்தப்பா, கேக்குதா?"

"கேக்குதும்மா."

"அப்பா அங்கேயே இருக்கட்டும். ஆனா அந்த மணி அடிச்சா முதல் போன் எனக்கு. நல்ல சேதியோ கெட்ட சேதியோ. மறைச்சா நான் கார் எடுத்துட்டு வந்துடுவேன்."

"முதல் போன் உனக்குத்தான்."

"அந்த இன்ஜினியர் இன்னும் இருக்காங்களா? சாப்பிட்டாங்களா?"

அண்ணன் போனை வைத்துவிட்டு, எங்களைப் பார்த்து, "ஜாமீன் கிடைச்சாச்சு" என்றார். சொல்லும்போதே மூச்சு வாங்கியது. இருந்தும் சிரித்தார். இன்ஜினியர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியபின் தெருவுக்குக் கரண்ட் வந்தது. எதிர்வீட்டில் டிவி அலறத் தொடங்கியது.

திங்கட்கிழமை காலையில் நான் அண்ணனின் அறைக்குப் போவதற்குள் அவர் எழுந்து நின்றிருந்தார். முகம் கழுவித் துடைத்த தோர்த்து தோளில் ஈரமாகக் கிடந்தது. நீளக் குழாயை மெஷினில் மாட்டித் தரச் சொன்னார். மாட்டிக் கொடுத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, நடுவில் சமையலறையில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கி, வாசற்படி தாண்டிக் கூரை நீட்டத்துக்கு அடியில் போனார். பல வாரங்களாக அவர் கொல்லைக்கு வந்ததில்லை. தோர்த்தை உதறி, துணி காயப்போடும் புதிய குழாயின் நடுவில் போட்டார்.

"ஓரமாப் போடுங்க அத்தான், விரிப்புக்கு இடம் வேணும்" என்றாள் என் மனைவி, வாளியோடு வந்து.

அண்ணன் தோர்த்தை ஓரத்துக்கு நகர்த்தினார்.